இரண்டாவது குடத்தில் உட்காருகிறவள்

முதலில் வந்தது வலிதான், வீக்கம் பிறகு வந்தது. எண்பதுகளின் கடைசியில், சேலையூரில் எங்கள் வீட்டு அடிபம்பில், நாத்தனாரின் வளைகாப்புக்காகக் காலை ஆறு மணிக்குப் பத்துக் குடம் தண்ணீர் அடித்தேன். வழக்கமாக இரண்டாவது குடத்திலேயே கை மரத்துக் கட்டையாகிவிடும். சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அடிக்க வரும். அப்படி உட்காருவதால்தான் மாமியார் என்னைச் சோம்பேறி என்பார். விருந்தாளிகள் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாமென்று அன்று நான் உட்காரவே இல்லை.

எட்டு மணிக்கு வலது முன்கை கல்லாக இறுகியிருந்தது. விரலை யாராவது நீட்டிவிட்டால் உயிர் போனது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போயிற்று. வெட்கத்தில் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீங்க வீங்க, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்தன.

"வளையல உடைச்சிடுங்க, தாங்க முடியல" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"வளைகாப்பு அன்னிக்கா? சுளுக்குதான், பந்தி முடியட்டும்" என்றார் மாமியார். கணவர் தைலம் தேய்த்துவிட்டுப் பாயசம் பரிமாறப் போனார். மாமியாரைக்கூட மன்னித்துவிட்டேன். கணவரை மன்னிக்க முடியவில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது மாலை நான்கு மணி. நர்ஸ் வளையல்களை உடைத்தெடுத்தார்.

"காலையிலயே வந்திருந்தா கை பிழைச்சிருக்கும் சார்" என்றார் டாக்டர், கணவரிடம்.

தசையைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. உள்ளே வீங்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துவிடும். அன்றே ஃபாசியாட்டமி (அந்த உறையைக் கீறித் திறப்பது) செய்தார்கள். சிதைந்த தசையின் கழிவுதான் சிறுநீரைக் கறுப்பாக்கியதாம்; நல்லவேளை, சிறுநீரகம் தப்பியது. மூன்று விரல்கள் மடங்கியது மடங்கியதுதான்.

சில மாதம் கழித்து பயாப்சி (தசைத்துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. தசையில் சேமித்த சர்க்கரையை எரிக்க என் உடம்புக்குப் பிறவியிலேயே தெரியாதாம். அதனால்தான் இரண்டாவது குடத்திலேயே கை மரத்தது; சற்று உட்கார்ந்தால், ரத்தம் வேறு சத்தைக் கொண்டுவந்து சேர்க்குமாம்.

"வலிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றார் டாக்டர்.

"உக்காந்துடுவேன் சார். வீட்ல திட்டுவாங்க."

"இதுக்கு வேற மருந்து கிடையாதும்மா. அதான் மருந்து."

கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கை, கால் இறுகி, விரலை நீட்டினால் வலித்தால், சிறுநீர் கறுத்தால், வீட்டில் என்ன விசேஷமானாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

இதை இடது கையால் எழுதுகிறேன். வீட்டில் மோட்டார் போட்டாயிற்று. என் நேரத்தை இப்போது கடிகாரம் சொல்வதில்லை, உடம்பு சொல்கிறது. அது சொன்ன இடத்தில், பாதி வேலையில் நின்றுவிடுகிறேன். மாமியார் ஓடிவந்து ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி சொல்வதில்லை.