குரலுக்கு நடுவே வெட்டு

திண்டுக்கல்லில் என் ரெக்கார்டிங் அறையில் பாடுவதற்கு டீச்சர் இருந்தார். தபலாவோடு ஒரு அண்ணன் இருந்தார். கணினிக்கு முன்னால் நான். மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டைப் பதிய வேண்டும். டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தது.

புதிதாக வாங்கிய யுஎஸ்பி சவுண்ட் கார்டில் குரல் நடுநடுவே வெட்டியது. ஒலியைக் கணினி சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் அளவைக் கூட்டினால் வெட்டு நின்றது. ஆனால் டீச்சரின் குரல் ஹெட்போனில் அவருக்கே தாமதமாகக் கேட்டது, தாளம் தப்பியது. குறைத்தால் மறுபடி வெட்டியது. கூட்டினேன், குறைத்தேன். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் மூவருக்கும் வேர்த்தது.

"யாருப்பா நடுவுல பொரி வறுக்குறது?" என்றார் தபலா அண்ணன்.

"அண்ணே, இன்னும் ஒருதரந்தான் தொண்டை தாங்கும்" என்றார் டீச்சர் என்னிடம்.

மேசைக்கு அடியில் குனிந்தேன். ஒரே யுஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில்தான் சவுண்ட் கார்டைச் செருகியிருந்தேன். அதே ஹப்பில் இன்னொரு வயர். அதன் முனையில் தபலா அண்ணனின் செல்போன்.

"நீதான அணைக்கச் சொன்ன? அணைச்சுட்டேன். சும்மாதான கெடக்கு, சார்ஜ் ஏறட்டும்னு சொருகுனேன்" என்றார்.

போனைப் பிடுங்கினேன். சவுண்ட் கார்டைக் கணினியின் பின்பக்கம் நேராகச் செருகினேன். பஃபரைக் குறைத்தேன். டீச்சர் வெந்நீர் குடித்துவிட்டுப் பாடினார். ஒரு இடத்திலும் வெட்டவில்லை. கடைசி வரியில் மட்டும் குரல் கம்மியது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

அன்று அவர் பாடியது பத்தொன்பது தடவை.