இரும்பு டிரம்முக்குத் தலையாட்டிய ஏழு பேர்

1. கறுப்பு

டிரம்மிலிருந்து எடுத்த தோல் கறுத்திருந்தது. மை கொட்டினாற்போல் திட்டுத் திட்டாக. இருபது ஆட்டுத்தோல், ஒரு ஈடு முழுவதும். அறுபதுகளில், பம்பாய் தாராவியில், நான் வேலை பார்த்த தோல் பதனிடும் கார்கானாவில் நடந்தது இது.

முதலாளி வந்து பார்த்தார்.

"க்யா ஹை யே? இத எவன் வாங்குவான்? கமிட்டி எதுக்கு இருக்கு? மத்தியானத்துக்குள்ள உக்காந்து பேசி, யார் தப்புன்னு ஒரே பேராச் சொல்லுங்க. அந்த ஆளு போகட்டும்."

கமிட்டி அவர் கொண்டுவந்தது. ஏதோ மில்லில் பார்த்தாராம். வேலை செய்கிற ஏழு பேரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அவருக்குத் தலைவலி விட்டது. எங்களுக்கும் வரவில்லை. மூத்தவர் முதலில் பேசுவது எங்கள் முறை. மூத்தவர் என்றால் மேஸ்திரி சுடலை அண்ணாச்சி. அவர் பேசி முடித்ததும் மற்ற ஆறு பேரும் வரிசையாக, "அண்ணாச்சி சொன்னா சரிதான்" என்போம். ஒரு பீடி அணைவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். இதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்திருந்தோம்.

2. டிரம்

தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட மரத்தொட்டிதான் வைப்பது வழக்கம். தோல் கறுப்பதற்குச் சில வாரம் முன்பு அது ஒழுகியது. கமிட்டி கூடியது.

"பழைய இரும்பு டிரம் ஒண்ணு கெடக்கு. உள்ள பெயிண்ட் அடிச்சு அதுல போடுவோம்" என்றார் அண்ணாச்சி.

பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் தோல் கறுக்கும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எவனுக்கும் தெரிந்துவிடும். அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் பெயிண்டை நம்பினார். பெயிண்ட் உரியும் என்று எனக்குத் தோன்றியது. மற்ற ஐந்து பேருக்கும் தோன்றியதாம். பிறகு சொன்னார்கள். அன்றைக்கு ஆறு பேரும் சரிதான் என்றோம்.

3. பேர்

ஆகவே தோல் கறுத்த அன்று யார் தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு பேர் தப்பு. முதலாளி கேட்டதோ ஒரு பேர்.

"டிரம் பக்கம் நிக்கது இசக்கிதான். கலக்கும்போது அவன் பாத்திருக்கணும்லா?" என்றார் அண்ணாச்சி.

வரிசை ஆரம்பித்தது. சரிதான். சரிதான். என் முறை வந்தது. இசக்கி எதிரே உட்கார்ந்திருந்தான். கார்கானா பரணில்தான் அவனுக்குப் படுக்கை. வேலை போனால் அதுவும் போகும். அது தெரிந்தே நானும் சரிதான் என்றேன்.

கடைசி ஆள் இசக்கி.

"ஏல, நீ என்ன சொல்லுத?"

"அண்ணாச்சி சொன்னா சரிதான்."

பழக்கம். வாயைவிட்டு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எங்களில் ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷம். "ஏழுக்கு ஏழு! இதான் கமிட்டி" என்றார். இசக்கி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

4. அடுத்த ஈடு

இசக்கி இடத்தில் என்னைப் போட்டார்கள். டிரம்மை யாரும் மாற்றவில்லை. அதுதான் குற்றவாளி போய்விட்டானே. அடுத்த ஈடும் கறுத்தது.

"இப்பம் டிரம் பக்கம் நிக்கது யாருவே?" என்றார் அண்ணாச்சி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல் ஆள் "அண்ணாச்சி சொன்னா..." என்று ஆரம்பித்தான். நான் எழுந்தேன். பட்டைத் தண்ணீரில் ஊறிய நல்ல தோல் துண்டு ஒன்றை எடுத்து, டிரம்முக்குள் பெயிண்ட் உரிந்த இடத்தில் தேய்த்தேன். கறுத்தது. கொண்டுவந்து நடுவில் போட்டேன்.

"இது தெரிஞ்ச விஷயந்தானவே" என்றான் ஒருவன்.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீரு ஏன் சொல்லல?"

என் பேர் வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

அண்ணாச்சி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் சந்தேகந்தான். நீங்க அத்தன பேரும் சரின்னீங்களேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அன்றைக்கு டிரம்மைக் கழித்துவிட்டு ஒரு விதி போட்டோம். அண்ணாச்சி கடைசியில்தான் பேச வேண்டும். நடக்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னோம். "காது அசையுதாலே பாரு" என்று குசுகுசுத்தார்கள். முதல் "எனக்கு இஷ்டமில்ல" வெளியே வர நாலு கூட்டம் ஆனது. அதுவும் சாயாக் கடையை மாற்றுவது பற்றி.

5. காட்கோபர்

இசக்கி காட்கோபரில் ஒரு மரக்கடையில் சுமை தூக்கினான். படுப்பதும் அங்கேதான், பலகை அடுக்கின் மேல். கூப்பிடப் போனேன்.

"முதலாளிகிட்ட பேசியாச்சு. கமிட்டி முடிவு பண்ணிட்டு. திரும்ப வேலைக்கு வா."

"மொதல்ல யாரு சொன்னா?"

"நான்."

"மத்தவங்க?"

"எல்லாரும் சரின்னுட்டாங்க."

சிரித்தான். "ஒருத்தன்கூட இவன் எதுக்குன்னு கேக்கல? அப்பம் நான் வரல அண்ணே."

"கோவமா?"

"பயம். உங்க நடுவுல வந்து உக்காந்தா நானும் தலையாட்டிருவேன். போன தடவ என்னைய வெரட்டுனதுல என் ஓட்டும் உண்டு."

சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் ஏற்றினான். நான் ரயிலேறித் திரும்பினேன்.

இப்போது ஆபீசில் இருக்கிற பிள்ளைகள் மீட்டிங் என்கிறார்கள். நல்லது. எல்லாரும் சரி என்று சொன்னால் உடனே எழுந்து போகாதீர்கள். அந்த வேலையைக் கையால் செய்யப்போகிறவனை முதலில் பேசவிடுங்கள். அவன் சரி என்றாலும் நம்பாதீர்கள். போய் டிரம்மை ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். அதற்கு அரை நிமிஷம் ஆகும். எங்களுக்கு இரண்டு ஈடு தோலும் ஒரு ஆளும் ஆனது.