எங்கள் வகுப்பைக் கூட்டிவைத்த விசாலாட்சி

அலுவலகத்தில் என் மேசைக்குத் தொலைபேசி கிடையாது. காசாளர் பக்கத்தில் இருக்கிற பொதுத் தொலைபேசிதான் எங்கள் எல்லோருக்கும். அந்த வியாழக்கிழமை காலை காசாளர் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். வீட்டிலிருந்து மகள்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"வசந்தா, நான் லீலா. வெச்சிடாதே."

லீலா என்னோடு பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. குரலைக் கேட்டதுமே வைத்துவிடத்தான் கை போனது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

"விசாலி போயிட்டா."

"எங்கே?" என்று கேட்டேன்.

கொள்ளேகாலில் நாத்தனார் வீட்டில் ஏதோ விசேஷம் என்று விசாலி சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கேதான் போயிருக்கிறாள், இதைச் சொல்லவா இவள் கூப்பிட்டாள் என்று எரிச்சல்கூட வந்தது. லீலா அழுதாள். அந்த அழுகை காதில் விழுந்த பிறகும் எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. காசாளர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அதில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யார் என்ன பேசினோம் என்பது சுத்தமாக நினைவில்லை.

நம் வகுப்பில் படித்த நீங்கள் எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள். உங்களுக்கும் இப்படித்தான் ஏதாவது ஒரு வேலைக்கு நடுவில் இந்தச் செய்தி வந்திருக்கும். சங்கராந்தி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நாம் கூடுவதற்காக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். முந்தின சனிக்கிழமைதான் சாப்பாட்டுக்கு இனிப்பு ஹோளிகேயா ஜாங்கிரியா என்று என்னிடம் சண்டை போட்டாள். ஐம்பதுகூட ஆகவில்லை. சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, செருப்புப் போட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கணவர் சண்முகம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்ததாம். டாக்டர் வந்து, இதயம் நின்றுவிட்டது என்றார். நானும் அதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருக்கிறது.

மைசூர்ப் பள்ளியில் அவள் பெரிதாக யார் கண்ணிலும் பட்டவள் இல்லை. பாதித் தமிழ்ப் பெண்கள், பாதிக் கன்னடப் பெண்கள் என்றிருந்த வகுப்பு நம்முடையது. நம் அப்பாக்களில் பலருக்கு ரயில்வேயில் வேலை. விசாலி நடு பெஞ்சில் உட்கார்ந்து நடுவாந்தரமாக மார்க் வாங்கியவள். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் நாம் சிதறிப்போனோம். கல்யாணம், மாற்றல், பிள்ளைகள். பக்கத்துத் தெருவில் இருந்தவள் எங்கே போனாள் என்றுகூடத் தெரியாமல் இருபது வருடம் ஓடிவிட்டது.

விசாலி தொலைபேசி நிலையத்தில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுத் தரும் ஆபரேட்டராக இருந்தாள். ஒருநாள் ஒரு பெண் ஷிமோகாவுக்கு கால் பதிவு செய்யப் பேசியிருக்கிறாள். எண்ணை எழுதிக்கொண்ட விசாலி, குரல் அடையாளம் தெரிந்து, சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்ற விதியை மறந்து, "ஏய், நீ நாகரத்னாதானே கணே? முதல் பெஞ்ச்?" என்று கேட்டுவிட்டாள். தமிழோ கன்னடமோ, எதில் பேசினாலும் 'டீ' வரவேண்டிய இடத்தில் அவளுக்கு 'கணே'தான் வரும். அந்தப் பக்கம் நாகரத்னா கத்திய கத்தல் ஹெட்போனைத் தாண்டிப் பக்கத்து ஆபரேட்டர்களுக்கும் கேட்டதாம். சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். "மெமோவை வாங்கி பீரோல வெச்சேன். நாகரத்னா கெடச்சிருக்கா, மெமோ என்ன பெரிசா?" என்று பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

நாகரத்னாவைப் பிடித்து இந்திராணியை, இந்திராணியைப் பிடித்து என்னை, என்னைப் பிடித்து லீலாவை. அப்படித்தான் நாம் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்து ட்ரங்க் போர்டில் வேலை குறைந்ததும் அவளை எண் விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஊரில் எல்லோர் எண்ணும் அவள் கையில் இருந்ததால், அதன் பிறகு நம்மில் யாரும் தப்பிக்க முடியவில்லை. பள்ளியில் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வகுப்பறையை வாங்கிவிடுவாள். அந்தச் சின்ன பெஞ்சுகளுக்குள் நாம் நம்மைத் திணித்துக்கொண்டு உட்கார்வோம். அவள் கொண்டுவரும் புளியோதரையில் உப்பு எப்போதும் ஒரு கை அதிகம். யாராவது கணவரின் பதவியைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால், "இங்கே யாரும் மிஸஸ் இல்ல. பேரைச் சொல்லு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அதனால் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த வருடம் அவர்களும் வந்தார்கள்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயம்.

லீலாவும் நானும் பள்ளியில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். இந்தக் கூட்டத்தில் மறுபடி சந்தித்ததும் அந்த நட்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என் மகள் கௌரியை அவள் மகனுக்குக் கொடுத்தேன். நஞ்சன்கூட்டில் அவர்கள் வீடு, மகனுக்கு அங்கேயே ஆலையில் வேலை. மைசூரிலிருந்து ரயிலேறினால் மகளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன். ஒரு வருடம் முடிவதற்குள் கௌரி ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். அவன் கை நீட்டுகிறவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் லீலாவிடம் போய்க் கேட்டேன். "இதெல்லாம் எந்த வீட்ல இல்ல, வசந்தா?" என்றாள். நான் அங்கிருந்து எழுந்து வந்தவள், பிறகு அவளிடம் பேசவில்லை.

கௌரி வந்த மறுநாள் விசாலி வீட்டுக்கு வந்தாள். எதையும் விசாரிக்கவில்லை. கௌரியைத் தரையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிட்டாள். காபி குடித்தாள். படியிறங்கும்போது என்னிடம், "திருப்பி அனுப்பாதே" என்று மட்டும் சொன்னாள். என் தம்பி உட்படச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அனுப்பு அனுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அதனால்தான் அந்த வருடம் கூட்டத்துக்கு லீலாவையும் அழைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தாங்கவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் அவரைப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ வந்தா நான் வரமாட்டேன்" என்றேன்.

"அவளும் அதையேதான் சொன்னா."

"யாராவது ஒருத்தரைத்தான் நீ கூப்பிட முடியும், விசாலி."

"ரெண்டு பேரையும் கூப்பிட்டாச்சு. ரெண்டு பேர்கிட்டயும் மத்தவ வருவான்னு சொல்லியாச்சு. பொய் சொல்லி வரவழைக்கல." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கிளாஸ்ல எத்தனை பெஞ்ச் இருக்கு? இந்த மூலைல நீ உட்காரு, அந்த மூலைல அவ உட்காரட்டும். உங்களை உட்கார வைக்கிறதுதான் என் வேலை கணே. பேச வைக்கிறது இல்ல."

நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கௌரிதான், "நீ ஏன் போகாம இருக்கணும்? தப்புப் பண்ணினது நீயா?" என்று கேட்டு என்னைக் கிளப்பி அனுப்பினாள்.

அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் இந்திராணி எழுந்து, சிறுவயது சிநேகிதிகள் இப்படி இருக்கலாமா என்று கண்ணீர் விட்டாள். பிறகு ஒரு கையால் லீலாவையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்து இழுத்து, எங்கள் கைகளைச் சேர்த்து வைக்கப் பார்த்தாள். சிலர் கை தட்டத் தொடங்கினார்கள். லீலாவின் விரல்கள் என் விரல்கள் மேல் பட்டன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் கையை உதறவும் முடியவில்லை.

"விடு அவங்க கையை!"

விசாலி அவ்வளவு உரக்கக் கத்தி நாம் யாரும் கேட்டதில்லை. கரண்டியோடு வந்து எங்கள் மூவருக்கும் நடுவில் நின்றாள். "வசந்தா பொண்ணு பட்டது உனக்குத் தெரியுமா, இந்திராணி? தெரியாம சமாதானம் பண்ண வராதே. பசிக்குது, எல்லாரும் இலைல உட்காருங்க."

இந்திராணி விசும்பிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். நான் என் மூலையில் சாப்பிட்டேன், லீலா அவள் மூலையில் சாப்பிட்டாள். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் இருவரும் ஒரு வருடம்கூட வராமல் இருந்ததில்லை.

ஆனாலும் விசாலி மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்துகொண்டேதான் இருந்தது. என்னிடம் இருப்பது போலவே லீலாவிடமும் இருக்கிறாளே, இவளுக்குச் சரி தப்பு இல்லையா என்று தோன்றும். அதை அவளிடம் நான் கேட்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். எண் விசாரணைப் பிரிவுப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து கும்பலாக வந்து சுவரோரம் நின்றார்கள். இந்த வருடம் கூட்டம் வேண்டாம் என்று நம்மில் சிலர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது சண்முகம் வந்து, "ஸ்கூல்ல ரூம் கேட்டு வாங்கி வெச்சுட்டுப் போயிருக்கா. நீங்க கண்டிப்பா போகணும்" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மட்டும் காலியாக இருந்தது. லீலா வந்து அதன் முன் நின்றாள். வேறு இடம் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சாதம் பரிமாறி முடியும்வரை இருவரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்குக் காலைல அவ வீட்டுக்கு போன் பண்ணினேன்" என்றாள் லீலா. "ஸ்வீட் நானே போட்டுக் கொண்டுவரேன்னு சொல்லத்தான். சண்முகம் எடுத்து விஷயத்தைச் சொன்னார். உடனே உன்கிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு."

நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"நாம பேச்சை நிறுத்தினப்புறம் முதல் வருஷம் கூப்பிட வந்தப்ப அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'உன் பையன் செஞ்சது தப்பு. அதுக்கு நீ சொன்ன வார்த்தை அதைவிடத் தப்பு. இதை நான் எங்கே வேணாலும் சொல்லுவேன். ஆனா நீ என் கிளாஸ், அதனால வா'ன்னா. என் வீட்ல, என் வீட்டுக்காரர் முன்னாடியே சொன்னா." லீலா சாதத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "என்கிட்ட அதைச் சொன்னவ அவ ஒருத்திதான். அதுக்குத்தான் வருஷா வருஷம் வந்தேன்."

இத்தனை வருடத்தில் இதை விசாலி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் ஜெயித்ததாக நினைத்து எல்லோரிடமும் சொல்லியிருப்பேன், லீலா அதன் பிறகு அந்த அறைக்குள் வந்திருக்க மாட்டாள். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

பிறகு லீலா, "கௌரி எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. "நல்லா இருக்கா" என்றேன். "பேங்க்ல வேலை கெடச்சிருக்கு."

அவ்வளவுதான். நான் அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. ஆனால் லீலா கேட்டுவிட்டாள், நான் பதில் சொல்லிவிட்டேன் என்பதை உடனே விசாலியிடம் சொல்லவேண்டும் என்று தலையை நிமிர்த்திக் கூடத்தில் அவளைத் தேடினேன். சாம்பாரோடு யாரோ வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எங்கே போனாள் இவள் என்று நிஜமாகவே கண் தேடியது. அவளுடைய காரியச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொலைபேசியில் லீலா சொன்னபோது வராத அழுகை அங்கே, இலை முன்னால், எச்சில் கையோடு வந்தது. லீலா தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

விசாலியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். ஒருத்தியை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் அவள் செய்ததை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல என்று விசாலி வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கோபம் ஆறாத நெஞ்சோடும் ஒரு அறைக்குள் போய் உட்காரலாம். எனக்கு அது முடியும் என்பது அவளால்தான் எனக்கே தெரிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். நீங்களும் வாருங்கள். லீலாவும் வருவாள், அதை மறைக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.