புதன்கிழமை வந்த பிள்ளை

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். அந்த ஒரு நாள் கணக்கை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், யாருக்குச் சம்பளம் என்று கேரள அரசு முடிவு செய்கிறது. அதற்குப் பிறகு யார் வந்து சேர்ந்தாலும் அந்த வருஷத்துக் கணக்கு அசையாது.

கேரள எல்லையில் மீனாட்சிபுரம் பக்கம் நான் வேலை பார்த்த தமிழ் மீடியம் பள்ளியில் அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. என் இடம் நிலைக்க ஒரே ஒரு பிள்ளை குறைந்தது. மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மகளுக்குப் பூ வைத்துக் கூட்டி வந்தார்.

"நேத்தே வந்திருக்கலாமுங்களே?" என்றேன்.

"செவ்வாக்கெழமை போயி புள்ளையச் சேப்பாங்களா டீச்சர்? பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதுங்க."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவராவது பிள்ளைக்காக நாள் பார்த்தார். அரசு யாருக்காகப் பார்த்தது?

அவளைச் சேர்த்துக்கொண்டேன். கையைப் பிடித்து அகரம் எழுத வைத்தேன். சில வாரங்களில் என் இடம் போயிற்று. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள்.

நான் வேறு பள்ளிக்குக் கிளம்பிய அன்று அவர் இளநீரோடு வாசலில் நின்றார். ஏன் போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

"இன்னிக்கு நாள் நல்லாருக்குதுங்க டீச்சர்," என்றார். "தைரியமாப் போங்க."