சொந்த மெயிலுக்குள் கடை முகவரி

தபால்காரர் பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பார்கள். மெயில் சரிபண்ணிக் கொடுக்கிறவளுக்கோ படிக்காமல் வேலையே நடக்காது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு அதுதான் உத்தியோகம். அப்போது எங்கள் பக்கத்து வியாபாரிகள் எல்லாருக்கும் கம்பெனி பெயரில் மெயில் முகவரி வாங்கும் ஆசை வந்திருந்தது. வாங்கிவிடுவார்கள், திறக்கத் தெரியாது. "எனக்க சொந்த மெயில்லயே அதும் வரணும், போவும்போ மட்டும் கம்பெனி பேருல போவணும்" என்பார்கள். ஆக, சொந்த மெயிலுக்குள் ஆபீஸ் முகவரியைக் குடிவைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்து வசவு வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

அப்பா செல்லம்

குளச்சலில் மீன் ஏற்றுமதி செய்துவந்த ராயப்பன் அண்ணனுக்குச் சொந்த மெயில் திறந்து கொடுத்தது பள்ளிக்கூடம் போகும் அவர் மகள். பெயர் கேட்ட இடத்தில் ‘அப்பா செல்லம்’ என்று போட்டிருந்தாள். நான் கம்பெனி முகவரியைச் சேர்த்தபோது அந்தப் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. மறுவாரம் கொச்சி வியாபாரியிடமிருந்து ‘மதிப்பிற்குரிய செல்லம் மேடம்’ என்று ஆரம்பித்து, கணவாய் மீன் கிடைக்குமா என்று இங்கிலீஷில் வெகு பணிவாக ஒரு மெயில். அதுவரை ராயப்பன் அண்ணனை ஃபோனில் விரட்டு விரட்டென்று விரட்டிய அதே ஆள்தான்.

நான் பதறிப்போய் பெயரை மாற்ற ஓடினேன். அண்ணன் மவுஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "மாத்தாத மக்கா. அவன் இப்பந்தான் மரியாதையா எழுதுகான்."

துபாயில் இருக்கிற பாஸ்வேர்டு

முகவரி உங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய ஓர் எண் அந்த முகவரிக்கே போகும். அதைத் திறந்து பார்த்து எடுத்துப் போட்டால்தான் வேலை முடியும். அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவரிடம் பாஸ்வேர்டு கேட்டேன். முகவரி வாங்கிக் கொடுத்த மைத்துனரிடம் இருக்கிறது என்றார். மைத்துனர் எங்கே? துபாயில். ஒரு ஃபோன் போட்டுக் கேட்கலாமே என்றேன். "அவன்கிட்ட நான் பேசமாட்டேன். நீ கேளு, நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."

கடை எழுதட்டும்

அருமனையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்த ஞானமுத்து முதலாளியும் இந்தப் பேசாத ரகம்தான். அவர் பேசாமல் இருந்தது பெற்ற மகளிடம். ஷீபா மஸ்கட்டில் நர்ஸ். கூட வேலை பார்த்த கடற்கரையூர் கத்தோலிக்கப் பையனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள். முதலாளியோ புராட்டஸ்டண்ட் சபையில் கமிட்டிக்காரர். இனி அவளுக்கு நானாக ஒரு வரி எழுதமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்றியும் வந்தார்.

கடை முகவரியைச் சேர்ப்பதற்காக, வீட்டோடு சேர்ந்த அவர் கடைக்குப் போய் அவருடைய மெயிலைத் திறந்தேன். ஞாயிறு தவறாமல் ஷீபா எழுதிய மெயில்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் திறந்து படித்தவை. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. முதலாளி வெளியே போன நேரத்தில் அவர் மனைவி லீலா அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஷீபாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர ஆசை. ஆனால் அப்பா தானாகக் கூப்பிடாமல் படி ஏறமாட்டாளாம். இன்னும் கொஞ்ச நாள் போனால் விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். "அப்பனும் மவளும் வீம்பு புடிச்சிட்டு இருக்காவ. நடுவுல கெடந்து தீயுகது நான்" என்றார் அக்கா.

முதலாளி திரும்பி வந்தார். கடை முகவரியில் எழுதினால் தன் பெயர் தெரியுமா என்று, சும்மா கேட்பதைப்போலக் கேட்டார். என் மெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தோம். கடை பெயர் மட்டும்தான் வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கொள்ளாம், நல்லதாப் போச்சு. இனி கடை எழுதட்டு. நான் எழுதல்ல."

நிர்வாகம் நினைவூட்டுகிறது

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ‘மதிப்பிற்குரிய ஷீபா அவர்களுக்கு. கடையில் அனைவரும் சுகம். மழையால் ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் பக்கத்து வழக்கம் என்பதை நிர்வாகம் நினைவூட்டுகிறது. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. இந்த நேரத்தில் படி ஏறுவது கஷ்டம் என்பதால் கீழ் அறைக்கும் அடித்தாயிற்று. இப்படிக்கு, நிர்வாகம்.’

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் கீபோர்டு எப்படித் தெரியும்? ஒரு வரியை நாலு தரம் அழித்து அடித்தேன். கதவுக்குப் பின்னால் லீலா அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாய் சும்மா இருக்காமல், மருமகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டுவிட்டேன். முதலாளி முறைத்தார். பிறகு எழுந்து, உள்ளே கொடியில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டார். கடைசியில் சொன்னார்: "போடு. ‘கூட வருபவருக்கும் இடவசதி உண்டு.’"

காட்டிக்கொடுத்த மெயில்

அந்த வாரமே ஃபோனில் சீறினார் முதலாளி. "எனக்க பேரு தெரியாதுண்ணு சொன்னியே பிள்ளே!" அடித்துப்பிடித்து அருமனைக்கு பஸ் ஏறினேன். ஷீபா அந்த மெயிலை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறாள். சொந்த மெயில் வழியாகப் போகிற ஆபீஸ் மெயிலைச் சில கம்ப்யூட்டர்கள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த முகவரியின் சார்பாக இன்னார் அனுப்பியது என்று இரண்டையும் மேலேயே போட்டுவிடும். என் மெயிலில் தெரியாதது மஸ்கட்டில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பதில் கடை முகவரிக்கு வந்திருந்தது.

‘அப்பா, கடைக்குச் சார்பா நீங்கதான் அனுப்பியதா மேல உங்க பேரு இருக்கு. ரொம்ப நேரம் அந்தப் பேரையே பாத்துட்டு இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்தாச்சு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கடை வருமா, நீங்க வருவியளா?’

பெயர் தெரியாமல் அனுப்ப வேறு வழி இருக்கிறது, இப்போதே மாற்றித் தருகிறேன் என்று படபடத்தேன். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரி இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பதில் எழுதும் இடத்தை அவரே திறந்தார். அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் கடை முகவரி தானாக வந்து உட்கார்ந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார். "இத எடுத்துட்டு எனக்க பேர எப்பிடி போடணும் பிள்ளே? இது நான் எழுதணும்."

ஆபீஸ் பெயரில் எழுதுகிறவர்களின் சொந்தப் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம் என்றால், அத்தனை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது நடக்காமல் போன வேலைதான்.