ஒரேஞ் பம்பை ஒறுத்த லூர்து அக்கா

1. முதல் நாள்

என் வேலைக்குப் பிரெஞ்சில் நீளமான ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரருக்கே அது அலுப்பாக இருக்க வேண்டும். வேலையிடத்தில் எல்லோரும் 'இனாலோ' என்று சுருக்கிவிட்டார்கள். மூச்சுப் பரிசோதனை, மூச்சுக்கான மருந்து, கருவிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. இதை எங்கள் சனத்துக்கு விளங்கவைப்பதுதான் பெரும்பாடு. "டொக்டரோ?" "இல்லை." "அப்ப நேர்ஸோ?" "அதுவும் இல்லை." "பரவாயில்லை பிள்ளை, பேந்து படிக்கலாம்தானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஆஸ்துமா கிளினிக்கில் எனக்கு முதல் நாள். முதலில் வந்தது நான்கு வயது டெனிஸ். அவனை இடுப்பில் தூக்கி வந்தவர் தாய் லூர்து அக்கா, மன்னார்க்காரி. பம்ப் என்று நாங்கள் சொல்லும் இன்ஹேலரை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும். அதனால் சேம்பர் என்ற பிளாஸ்டிக் குழாயில் பம்பைச் செருகி, மறுமுனையில் இருக்கும் முகமூடியைப் பிள்ளையின் மூக்கும் வாயும் மூடும்படி பிடிக்க வேண்டும். படித்தபோது பொம்மைக்குப் பிடித்துப் பழகியிருந்தேன். பொம்மை உதைக்காது. டெனிஸ் உதைத்தான். கத்தினான். அழுகிற பிள்ளைக்கு மருந்து ஒழுங்காக உள்ளே போகாது. என் மேலதிகாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கோ மிஸ்" என்று லூர்து அக்கா முகமூடியை வாங்கிக்கொண்டு, மாதா பாட்டு ஒன்றை எடுத்தார். குரல் என்றால் அதுதான் குரல். நீண்ட வரி ஒன்றை எங்கும் முறிக்காமல் ஒரே மூச்சில் கொண்டுபோய் முடித்தார். டெனிஸ் அழுகையை விட்டுவிட்டு அமைதியாக மூச்செடுத்தான், மருந்தும் போனது. மேலதிகாரி அந்தப் பாட்டை என்னையும் பழகச் சொன்னார். நான் பாடினால் பிள்ளைகள் இன்னும் பலமாக அழும் என்று அவருக்குச் சொல்லவில்லை.

ஆஸ்துமாவை எங்கள் சனம் தொய்வு என்கிறது. போகும்போது அக்கா என் காதோடு சொன்னார்: "தொய்வு எண்டு கோயில்ல ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். நாளைக்கு அவனுக்கு ஒரு பொம்பிளை பாக்க வேணுமெல்லோ." நாளைக்கு அவனுக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரு garderie, பிள்ளைகள் காப்பகம், மட்டும்தான்.

2. கைப்பைக்குள் இருந்த பம்ப்

டெனிஸ் வளர்ந்தான், மீசை அரும்பியது, பந்தடிக்கப் போனான். நெஞ்சைக் காக்கிற ஒரேஞ் பம்பை இருமலோ இளைப்போ இல்லாத நாளிலும் போட வேண்டும். மூச்சு முட்டும்போது உடனே ஆறுதல் தருவது நீலப் பம்ப். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதலாவது மறந்துபோகும், இரண்டாவதைக் கையில் வைத்திருக்க வெட்கம். டெனிஸின் நீலப் பம்ப் தாயின் கைப்பையில் இருந்தது. அவன் மைதானத்தில் ஓட, அக்கா கைப்பையோடு கோட்டுக்கு வெளியே ஓடுவார். பார்த்தவர்கள் அக்காவுக்குத்தான் பயிற்சி என்று நினைத்திருப்பார்கள்.

கிளினிக்கில் அவனைத் தனியே இருத்திக் கேட்டேன்.

"ஏன்டா, நீயே வச்சிருந்தா என்ன?"

"அன்ரி, அம்மா முழு டீமுக்கும் முன்னால 'டெனிஸ், வாயைத் திற' எண்டு கத்துறா."

இதற்கு எங்களிடம் மருந்து இல்லை. அக்காவைக் கூப்பிட்டு, பம்பை அவன் கையில் கொடுக்கச் சொன்னேன். பிள்ளையைப் பிரிவதைப் போல் கொடுத்தார். அவன் ஒரேஞ் பம்பைப் பல் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்தான், நீலத்தைக் காற்சட்டைப் பையில் போட்டான், குளிரில் சால்வையால் வாயை மூடிக்கொண்டு ஓடப் பழகினான். அதன் பிறகு அவனுக்கு நாங்கள் அதிகம் தேவைப்படவில்லை. இந்த வேலையில் அதைவிடச் சந்தோஷம் கிடையாது.

3. ஊதுங்கோ, ஊதுங்கோ

ஐம்பதைத் தாண்டிய பிறகு தொய்வு லூர்து அக்காவையே பிடித்தது. அந்த வயதிலும் புதிதாக வரும். "அவனிட்ட இருந்து தொத்திட்டுதோ?" என்று கேட்டார். இது தொற்றுகிற வருத்தம் இல்லை என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

முதலில் ஊதுகிற பரிசோதனை. மூக்கை இடுக்கியால் மூடிக்கொண்டு, நெஞ்சில் உள்ள காற்று முழுவதையும் குழாய்க்குள் விட வேண்டும். "ஊதுங்கோ அக்கா, ஊதுங்கோ, இன்னும், இன்னும், விடாதேங்கோ!" என்று நாங்கள் கத்துவோம். வெளியே காத்திருக்கிறவர்கள் பிள்ளைப்பேறு நடக்கிறது என்று நினைப்பார்கள்.

அது முடிந்த கையோடு அவருக்கான ஒரேஞ் பம்பைக் கொடுத்தேன். உள்ளே தூள் இருக்கும் வகை அது. வாயில் வைத்துப் பலமாக உள்ளே இழுக்க வேண்டும் என்று சொல்லவும் செய்தேன். ஆனால் அக்காவின் காதில் இன்னும் 'ஊதுங்கோ' ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை நிறைய எடுத்து, கண்ணை மூடி, ஊதினார். தூள் முழுவதும் என் சட்டையில்.

"போட்டுட்டன் மிஸ்."

"ஓம் அக்கா, எனக்குப் போட்டுட்டியள்."

சென்ட் லோரன்ட்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைக்கிற வேலை அவருக்கு. ஊர் உலகத்துக்கெல்லாம் மருந்து அனுப்புகிறவர், தன் மருந்தை எனக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயம் இது: ஊதுகிற பரிசோதனைக்கும் இழுக்கிற மருந்துக்கும் நடுவில் ஒரு தேநீர் நேரமாவது விடுங்கள்.

4. தவக்காலம்

நானும் அக்காவும் ஒரே பங்குக் கோயிலுக்குப் போகிறவர்கள். கிளினிக்கில் நான் 'மிஸ்', கோயிலில் 'தங்கச்சி'. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைவுகூரும் சிலுவைப்பாதைப் பாட்டை மைக்கில் நடத்துவது எப்போதும் அக்காதான். அந்த மைக்கை அவரிடமிருந்து வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் வெள்ளி நன்றாகப் போனது. அடுத்தடுத்த வெள்ளிகளில் அவர் வரியை நடுவில் முறித்து மூச்செடுத்தார், பிறகு ஒரு வரியை மூன்றாக முறித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் உருக்கம் என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் அவர் மூச்செடுக்கிற இடங்களை எண்ணத் தொடங்கினேன். ஒரு வெள்ளி, ஆறாம் நிலையில் பாட்டு அப்படியே நின்றது. அவரைப் பின் அறைக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சு விசிலடித்தது. பேச இரண்டு சொல்லுக்கு மேல் மூச்சில்லை. அவர் கைப்பையில் கிடந்த நீலப் பம்பைச் சேம்பரில் வைத்துக் கொடுத்து, தணிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. தணிந்திராவிட்டால் அம்புலன்ஸ்தான்.

"ஒரேஞ் பம்ப் போடுறியளோ?"

அவர் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார்.

"அக்கா!"

"தவக்காலமெல்லோ தங்கச்சி. ஒறுத்தல்."

விருப்பமான ஒன்றைத் தவக்காலத்தில் கடவுளுக்காகக் கைவிடுவதை எங்கள் சனம் ஒறுத்தல் என்கிறது. இறைச்சியை விடுவார்கள், தேத்தண்ணிக்குச் சீனியை விடுவார்கள். மருந்தை விட்டவரை அன்றுதான் கண்டேன்.

"பம்ப் உங்களுக்கு அவ்வளவு விருப்பமோ?"

"விருப்பமில்லை. ஆனா அதில்லாம இருக்கிறது சரியான கஷ்டமெல்லோ. கஷ்டப்பட்டாத்தானே ஒறுத்தல்?"

சிரிப்பு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. மூச்சு முட்டிச் செத்தால் அது தவம் இல்லை, முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதார். பிறகுதான் உண்மை வந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் அவர் பம்ப் போடுவதைப் பங்கு ஆட்கள் சிலர் கண்டுவிட்டார்களாம்.

"லூர்துக்கு இனிப் பாடேலாதாம் எண்டு கதைக்கினம். மைக்கை வேற ஆளிட்டக் குடுக்கப் போயினமாம். நான் வேற என்ன செய்ய? பாட்டும் போனா எனக்கு என்ன இருக்கு?"

ஒறுத்தல் என்பது வெளியே சொல்ல வசதியான பெயர். உள்ளே இருந்தது பயம். பாட்டைக் காப்பாற்ற மருந்தை விட்டார், மருந்தை விட்டதால் பாட்டே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, மருந்தை ஒறுக்கிறது லேசு. வெட்கத்தை ஒறுத்துப் பாருங்கோ. அதுதான் கஷ்டம்" என்றேன். அவர் நீலப் பம்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

5. பெரிய வெள்ளி

அடுத்த நாளே டொக்டருக்குக் காட்டினோம். ஒரேஞ் பம்ப் திரும்பவும் தொடங்கியது. ஆனால் விட்ட மருந்து ஒரு நாளில் பலன் தராது. இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று அக்காவின் நெஞ்சு முக்கால்வாசிதான் தெளிந்திருந்தது. கோயில் நிறைந்த சனம். பதினோராம் நிலை முடிந்தது. பன்னிரண்டாம் நிலைப் பாட்டு எல்லாவற்றிலும் நீளம். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மைக்குக்காகக் காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கைப்பையைத் திறந்தார். நீலப் பம்பையும் சேம்பரையும் எடுத்தார், குலுக்கினார். மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். குலுக்குகிற சத்தம் பீடத்திலிருந்து வாசல்வரை கேட்டது. பிறகு, 'புஸ்'. பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். அடக்கினார். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. அவர் மூச்சை விட்டபோது என்னைச் சுற்றியும் பலர் விட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பாடினார். பழைய குரல் முழுதாக வரவில்லை. இரண்டு இடத்தில் முறித்து முறித்துத்தான் பாடினார். ஆனால் முடித்தார்.

அன்று கற்றது இது. இருபது வருடமாக நான் எப்படி இழுப்பது, எப்படி அடக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும். பம்ப் போட யாரும் பார்க்காத இடம் தேடியே அவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பங்குச் சபையில் பெரிய ஆளான ஒரு அண்ணை என் பக்கம் குனிந்தார்.

"தங்கச்சி, உந்தக் குழாய் எங்க எடுக்கலாம்? எனக்கில்லை. ஒரு ஆளுக்கு."

"சத்தமாக் கேளுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் அங்குமிங்கும் பார்த்தார், தொண்டையைச் செருமினார், கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் நான் சொன்ன கிளினிக் விலாசத்தைக் குறித்துக்கொண்டார்கள்.