வள்ளத்துக்கு வைத்த குங்கிலியம்

அவருக்குப் புருவம் கிடையாது. கொதிக்கும் குங்கிலியத்துக்கு மேல் குனிந்து குனிந்தே அது பொசுங்கிப் போயிருந்தது. திருகோணமலைத் துறைமுகக் கரையில் வள்ளங்களின் பலகை இடுக்குகளை அடைப்பதுதான் அவர் வேலை. ஒவ்வொரு கட்டியையும் கண்ணை மூடி மோந்து பார்த்த பிறகுதான் இடிப்பார். காத்திருக்கிற எனக்கு எரிச்சல் வரும்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். குங்கிலிய மரம் மழை ஓயாத தெற்குக் காடுகளில் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்குமாம். பட்டையைக் கீறினால் வடிகிற பிசின் இறுகிக் கட்டியாகுமாம். அது எங்களுக்கு வந்து சேர்ந்தால்தானே! லொறியெல்லாம் பட்டாளத்துச் சாமான் ஏற்றின. என் வள்ளம் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தது. வீட்டில் உலை வைக்க வழியில்லை. அலைந்து திரிந்து ஒரு பை குங்கிலியம் தேடிப் பிடித்து அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஊரே கந்தளாய்ப் பக்கம் ஓடியது, நானும் ஓடினேன். சில நாள் கழித்துத் திரும்பி வந்தால் வள்ளம் கிடந்தபடியே கிடந்தது. பை காலி.

"எங்க என்ர குங்கிலியம்?" என்று கத்தினேன்.

"எரிச்சுப்போட்டன் தம்பி. பக்கத்து வளவில செத்ததுகளைத் தூக்க என்னை விட்டா ஆளில்லை. நாத்தத்துக்குப் புகை போடாமல் கிட்டப் போக ஏலாது."

"நான் எப்பிடிக் கடலுக்குப் போறது?"

"ஒழுகினா இறைக்கலாம்தானே."

இறைத்தேன். ஒவ்வொரு சிரட்டைத் தண்ணீருக்கும் அவரைத் திட்டினேன். ஆனால் எங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று, முதலில் அவரைத்தான் தேடி ஓடினேன்.